வாயில்லாச் சாட்சிகள்

கரிசல் நிலங்களில் தரையோடு படர்ந்து வளரும் ஒரு சிறு பூண்டு உண்டு. சாம்பல் பூத்த இலை. கருஞ்சிவப்பு நிற மலர். நாவில் வைக்கவொண்ணாக் கைப்பு. ஆடுதின்னாப்பாளை என்பது அதற்குத் தமிழ் மக்கள் இட்ட பெயர். கண்ட தழையையெல்லாம் கடித்துப் பார்க்கும் ஆடும் இதனைத் தின்பதில்லை என்பதை எவரோ கண்டார். கண்டதையே பெயராக்கி வைத்தார். ஆடு மேய்த்தவர் கண்ட உண்மை எழுத்தறியாதவர் நாவிலும் நிலைத்துவிட்டது.

இன்னொரு மூலிகையும் ஆட்டின் பெயரால் வழங்குகிறது. ஆடு தொடா இலை என்பதே ஆடாதோடை என மருவிற்று என்பர். இருமலுக்கும் இளைப்புக்கும் நம் இல்லங்களில் கஷாயம் வைத்துக் கொடுக்கும் இலை அது. அதிலுள்ள வாசிசின் என்னும் பொருளை முன்மாதிரியாகக் கொண்டே, சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் என்னும் மருந்து ஆக்கப்பட்டது. ஆடு தொடாத இலைகள் இரண்டு. ஒன்று மார்புக்கு மருந்து. மற்றொன்று, பின்னர் நாம் காணப்போகிறபடி, சிறுநீரகத்தைச் சிதைத்துப் புற்றுநோயையும் விளைவிக்கும் நஞ்சு. ஆட்டின் நாவு இரண்டையும் ஒன்றுபோலவே ஒதுக்கியது. விலங்கு நமக்கு ஏதோ சொல்கிறது என்பது உண்மை. அது சொல்வது இன்னதென்று அறிய, அது வாய் வைக்க மறுத்ததை மட்டும் கண்டால் போதாது என்பதும் உண்மை.

இவ்விடத்தில்தான் வினா பிறக்கின்றது. தாவரத்திலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருள் மனிதனுக்குத் தீங்கற்றதா என்றறிவதற்காக, தின்ன மறுக்கும் உயிருக்கு அதனை வலிந்து புகட்டலாமா? புகட்டினால் அவ்வுயிர்க்கு நாம் படும் கடன் யாது?

இதற்கு இரண்டு எளிய விடைகள் வழங்குகின்றன. பச்சிலைக்குப் பரிசோதனை எதற்கு, பன்னூறாண்டுகளாக மக்கள் உண்டு வந்ததே சான்றன்றோ என்பது ஒன்று. எலி எலிதானே, மனிதன் பிழைத்தால் போதாதா என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் இந்த ஆடுதின்னாப்பாளையின் இனத்தைக் கொண்டே உரைத்துப் பார்ப்போம்.

ஸராவந்து என்னும் மருந்து

ஆடுதின்னாப்பாளையும், ஈசுவரமூலி என்றும் பெருமருந்து என்றும் பெயர் பெற்ற கொடியும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. தாவர நூலார் இவ்வினத்தை அரிஸ்டோலோக்கியா என்பர். கிரேக்க மொழியில் இப்பெயர் மிக நல்ல மகப்பேறு என்னும் பொருள் தருவது. பிள்ளைப்பேற்றுக்குத் துணை நிற்கும் என்று நம்பி இட்ட பெயர். அரபு மருத்துவ நூல்களில் இது ஸராவந்து எனப்படும். நீண்ட கிழங்குடையது, உருண்டைக் கிழங்குடையது என வகை பிரித்து அதன் குணங்களை அந்நூல்கள் பேசுகின்றன. சீன மருத்துவமும் இவ்வினத்தைக் கையாண்டது. ஆக, கிரேக்கரும் அரபியரும் சீனரும் நம்மவரும் ஒருங்கே நம்பிய மருந்து இது.

நம்பியவர்கள் சோதனை அறியாதவர்களும் அல்லர். மருத்துவ மேதை அபூபக்கர் அர்ராஸி, பாதரசத்தைத் தம்மிடமிருந்த குரங்குக்குப் புகட்டினார். அது வயிற்றைப் பற்றிக்கொண்டு நெளிந்ததைக் கண்டு, அதற்கு வயிற்றுவலி கண்டிருக்க வேண்டும் என்று எழுதிவைத்தார். ஸ்பெயினில் வாழ்ந்த இப்னு ஸுஹ்ர், மூச்சுக்குழாயைத் துளையிட்டால் புண் ஆறுமா என்றறிய ஆட்டின்மீது செய்து பார்த்தார். இப்னு சீனாவோ தம் 'அல்கானூன்' என்னும் பெருநூலில், மருந்தின் இயல்பைச் சோதித்தறிவதற்கு ஏழு நிபந்தனைகளை வகுத்தார். அவற்றுள் இறுதியானது, சோதனை மனித உடலிலேயே நிகழவேண்டும் என்பது. விலங்கின் உடலில் கண்ட விளைவு மனித உடலிலும் அவ்வாறே இருக்கும் என்று கொள்ள முடியாது என்பது அவர் சொன்ன காரணம்.

அவ்வாறாயின், ஸராவந்து இந்நிபந்தனையை நிறைவு செய்துவிட்டதன்றோ? ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மனித உடலிலேயே அது சோதிக்கப்பட்டது. ஆயினும் அதன் பெருங்கேடு புலப்படவில்லை. ஏன்?

இவ்வினத் தாவரங்களில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் என்னும் பொருள் இருக்கின்றது. அது உடலினுள் சென்றதும் உருமாறி, உயிரணுக்களின் மரபுப்பொருளோடு ஒட்டிக்கொள்கிறது. சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் சிதைந்து, அவ்விடம் நார் பாய்ந்து இறுகுகின்றது. சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் பல ஆண்டுகள் கழித்துத் தலைகாட்டுகின்றது. ஒருவர் இன்று கஷாயம் அருந்துகிறார். வந்த நோய் தணிந்தது என்று மகிழ்கிறார். பத்தாண்டு கழித்து அவருடைய சிறுநீரகம் கெட்டால், அதனை அன்றைய கஷாயத்தோடு எவர் இணைத்துப் பார்ப்பார்? காலையில் உண்டு மாலையில் மாண்டால் ஊர் அறியும். நஞ்சு என்று பெயரிடும். பத்தாண்டு பொறுத்துக் கொல்லும் பொருளை ஊரின் அனுபவம் அறியாது; விதி என்று சொல்லி அடக்கம் செய்துவிடும்.

பன்னூறாண்டு வழக்கம் என்பது வெறுஞ்சொல் அன்று. உடனடியாகக் கொல்லாது என்பதற்கு அது வலுவான சான்று. நாள் கடந்து கொல்லாது என்பதற்கு அது சான்றே ஆகாது. முன்னோர் அறிவில் குறை காண நாம் இதைக் கூறவில்லை. கண்ணுக்கு எட்டும் தொலைவு என ஒன்று உண்டு. அதற்கப்பால் இருப்பதைக் காணவில்லை என்பது கண்ணின் குற்றமன்று.

கேளாது விடப்பட்ட சாட்சியம்

இனி, விலங்குகள் சொன்ன சாட்சியத்தைக் காண்போம்.

ஐரோப்பாவில் டான்யூப் ஆற்றின் கிளைகள் பாயும் பல்கேரியா, செர்பியா, குரோவேஷியா, போஸ்னியா, ருமேனியா ஆகிய நாடுகளின் சில சிற்றூர்களில் ஒரு விந்தையான நோய் இருந்தது. உழவர் குடும்பங்களில் நடுவயதினர் சிறுநீரகம் சுருங்கி மாண்டனர். பலருக்குச் சிறுநீர்ப் பாதையில் கட்டிகளும் தோன்றின. 1950களில் மருத்துவர்கள் இதனைத் தனி நோயாக இனங்கண்டனர், காரணம் புலப்படவில்லை. அவ்வயல்களில் அரிஸ்டோலோக்கியா இனத்துக் களை ஒன்று கோதுமையோடு சேர்ந்து வளர்ந்து வந்தது.

1957ஆம் ஆண்டிலேயே குரோவேஷியக் கால்நடை மருத்துவ ஏடொன்றில், இக்களையைத் தின்ற குதிரைகளின் சிறுநீரகக் கேடு விவரிக்கப்பட்டது. 1969ஆம் ஆண்டில் இவிச் என்னும் ஆய்வாளர், அறுவடையில் இக்களையின் விதை கோதுமையோடு கலந்து மாவாகி ரொட்டியில் சேர்வதே நோய்க்குக் காரணமாகலாம் என்றார். அவ்விதை மாவை முயல்களுக்கு ஊட்டி அவற்றின் சிறுநீரகம் கெடுவதையும் காட்டினார். அச்சாட்சியம் பெரிதும் கேட்பாரற்றுக் கிடந்தது. 2007ஆம் ஆண்டில்தான் குரோல்மன் முதலிய ஆய்வாளர்கள் நோயாளிகளின் திசுக்களில் இவ்வமிலத்தின் தடத்தைக் கண்டு அதனை உறுதி செய்தனர். முயல்கள் சொன்னதற்கும் மனிதர் செவிசாய்த்ததற்கும் இடையே ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள். அதற்குள் எத்தனை வீடுகளில் அதே ரொட்டி சுடப்பட்டிருக்கும்!

ஜெர்மனியில் நிகழ்ந்தது வேறு. அங்கு இவ்வமிலம் உடலின் நோயெதிர்ப்பாற்றலைத் தூண்டும் என்று கருதி மருந்தாக வழங்கி வந்தனர். எலிகளுக்கு அவற்றின் எடையில் கிலோவுக்கு 0.1, 1, 10 மில்லிகிராம் என மூன்று அளவுகளில் நாள்தோறும் மூன்று மாதம் கொடுத்துப் பார்த்தபோது, இரைப்பையிலும் சிறுநீரகத்திலும் சிறுநீர்ப்பையிலும் கட்டிகள் தோன்றின. 1981ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு அம்மருந்துகளை விற்பனையிலிருந்து நீக்கியது. 1982ஆம் ஆண்டில் மெங்ஸ் என்பாரும் துணைவரும் அவ்வாய்வை வெளியிட்டனர். அந்த எலிகள் மாண்டன. ஆனால் அவற்றின் சாட்சியம் கேட்கப்பட்டது. அந்நாட்டில் எத்தனையோ மனிதர் தாம் எதிலிருந்து தப்பினோம் என்பதையே அறியாமல் வாழ்ந்திருப்பர்.

சாட்சியம் அந்நாட்டு எல்லையைக் கடக்கவில்லை. பெல்ஜியத்தின் தலைநகராகிய பிரஸ்ஸல்சில் உடல் மெலிவதற்கு மருந்து கொடுக்கும் மருத்துவ நிலையம் ஒன்று இருந்தது. 1990ஆம் ஆண்டு முதல் அதன் மருந்துக் கலவையில் சீன மூலிகைகள் சேர்க்கப்பட்டன. சேர்க்கக் கருதியது ஸ்டெஃபானியா என்னும் கொடியின் வேர். சீனத்தில் அதற்கு ஹான் ஃபாங்ஜி என்று பெயர். வந்து சேர்ந்ததோ குவாங் ஃபாங்ஜி, அதாவது அரிஸ்டோலோக்கியா. பெயரில் பாதி ஒன்றாயிருந்தது. பொடியாக்கிய பின் கண்ணுக்கும் வேறுபாடு தெரியவில்லை. இளம்பெண்கள் அடுத்தடுத்துச் சிறுநீரகம் செயலிழந்து மருத்துவமனைக்கு வந்தனர். 1993ஆம் ஆண்டில் வான்ஹெர்வெகம் முதலியோர் 'லான்செட்' மருத்துவ ஏட்டில் இதனை உலகுக்கு அறிவித்தனர். பாதிக்கப்பட்டோர் தொகை நூற்றைக் கடந்தது. அவர்களுள் முப்பத்தொன்பது பேர், செயலிழந்த தம் சிறுநீரகங்களைப் புற்றுநோய்க்கு அஞ்சி அகற்றிக்கொள்ள இசைந்தனர். அவர்களில் பதினெண்மருக்குப் புற்றுநோய் முன்னரே தோன்றியிருந்தது என்று 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு கூறிற்று.

அழகாக இருக்க விரும்பியது அப்பெண்கள் செய்த பாவமன்று. பச்சிலைதானே என்று நம்பியதும் பாவமன்று. எலிகள் 1982ஆம் ஆண்டிலேயே கூறிவிட்ட ஒன்றை, எட்டு ஆண்டுகளுக்குப் பின் தம் உடலால் மீண்டும் கூற நேர்ந்தது அவர்களுக்கு. பரிசோதனை வேண்டாம் என்று நாம் சொல்லும்போது பரிசோதனை நின்றுவிடுவதில்லை என்பதை இங்கே காண்கிறோம். அது ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியேறி, தாம் சோதிக்கப்படுகிறோம் என்றே அறியாத மனிதர்மீது போய் அமர்ந்துகொள்கிறது. முதல் விடை இங்கே வீழ்ந்தது.

ஆய்வுக்கூடத்தின் விலை

எலி எலிதானே என்னும் இரண்டாம் விடை நிற்குமா? அவ்விடையை மொழிபவர், ஆய்வுக்கூடத்தில் நிகழ்வது இன்னதென்று முதலில் அறியவேண்டும். உலக நாடுகள் ஒத்துக்கொண்ட வழிமுறைப்படி, ஒரு பொருளின் தொண்ணூறு நாள் சோதனைக்கு மூன்று அளவுகளும் பொருள் கொடாத ஒரு குழுவுமாக நான்கு குழுக்கள் வேண்டும்; குழுவுக்கு ஆண் பத்து, பெண் பத்து; ஆக எண்பது எலிகள். புற்றுநோய் விளையுமா என்று காணும் இரண்டாண்டுச் சோதனைக்குக் குழுவுக்கு நூறாக நானூறு எலிகள். தீவனத்தில் கலந்தோ, தொண்டைவழிக் குழாய் செலுத்தியோ நாள்தோறும் பொருள் கொடுக்கப்படும். முடிவில் அனைத்தும் கொல்லப்பட்டு, உறுப்புகள் மெல்லிய சீவல்களாக்கப்பட்டு நுண்ணோக்கியில் ஆராயப்படும். 1927ஆம் ஆண்டில் ட்ரெவன் வகுத்த வேறொரு முறை, கொடுத்த விலங்குகளில் பாதி மாளும் அளவு எது என்று கணக்கிடுவது. அதன் பழைய வடிவத்தைப் பன்னாட்டு வழிகாட்டு நெறியிலிருந்து 2002ஆம் ஆண்டில் நீக்கினர். குறைந்த விலங்குகளோடு போதிய அறிவைப் பெறும் முறைகள் வந்துவிட்டமையே காரணம். அவ்வாறாயின், அதற்கு முன் மாண்டவற்றுள் எத்தனை தேவையின்றி மாண்டன என்று கேட்காதிருக்க முடியுமா?

பூனையொன்றைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண் அதன் பொருட்டே தண்டனைக்கு ஆளானாள் என்பதையும், தாகித்த நாய்க்கு நீர் வார்த்த செயல் மன்னிப்பைப் பெற்றுத் தந்தது என்பதையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்ததை நாம் அறிவோம். உண்பதற்காக அறுக்க அனுமதி உண்டு. அங்கும் கத்தியைத் தீட்டிக்கொள்ள வேண்டும், விலங்கை வருத்தலாகாது என்ற கட்டளையும் உடன் வருகின்றது. உயிரை எடுக்கலாம் என்னும் அனுமதி, அவ்வுயிர் ஒரு பொருட்டன்று என்னும் அனுமதியாகாது. மனிதன் மேலானவன் என்பதில் நமக்கு ஐயமில்லை. மேலானவன் என்பதனாலேயே கணக்குக் கேட்கப்படுபவனும் அவனே.

விலங்கின் சாட்சியம் முழுமையானதா என்ற கேள்வியும் உண்டு. ஜெர்மானிய எலிகளிடம் கட்டிகள் தோன்றின. பெல்ஜியப் பெண்களின் சிறுநீரகத்தில் கண்ட நார்ப்பாய்ச்சல் அவற்றிடம் தெளிவாகப் புலப்படவில்லை. அதனை முயல்களில் காட்டிய ஆய்வு 2001ஆம் ஆண்டில்தான் வந்தது. இப்னு சீனாவின் எச்சரிக்கை இன்றும் உயிரோடிருக்கிறது என்பதற்கு இது சான்று. அதனால் விலங்கின் சாட்சியத்தைத் தள்ளிவிடலாமா? ஹதீஸ் கலையில் அறிவிப்பாளரைப் பற்றிய குறையை ஜர்ஹு என்றும், நிறையைத் தஃதீல் என்றும் கூறுவர். காரணம் காட்டி விளக்கப்பட்ட குறை, நிறையை முந்தும் என்பது அக்கலை வல்லார் பலரும் ஏற்ற விதி. புகழ்ந்தவர் தாம் கண்டதைச் சொன்னார். குறை சொன்னவரோ, அவர் காணாத ஒன்றையும் கண்டிருக்கிறார் என்பது அதன் நியாயம். மருந்துச் சோதனைக்கும் இவ்விதி நன்கு பொருந்தும். ஒரு விலங்கு தீங்கெனக் காட்டினால் அது நம்மைத் தடுத்து நிறுத்தப் போதுமானது. தீங்கில்லை எனக் காட்டினால் அது நம்மை முழுதும் அமைதிப்படுத்தப் போதாது. ஆயிரமாண்டுப் புகழ்மொழி ஒருபுறமும், மூன்று மாதத்து எலிகளின் குறைமொழி மறுபுறமும் நின்றபோது, எலிகளின் சொல்லே ஏற்கத்தக்கதாயிருந்தது.

தேவையின் எல்லை

ஃபிக்ஹுக் கலையில் ஓர் அடிப்படை விதி உண்டு. தேவை ஒன்றை அனுமதிக்கும்போது, அத்தேவையின் அளவுக்கே அனுமதி நீளும். பசியால் சாகக் கிடப்பவனுக்கு விலக்கப்பட்ட உணவும் ஆகும். உயிர் தங்கும் அளவுக்கு ஆகும், விருந்தயர ஆகாது. விலங்குச் சோதனையை நாம் இந்த விதியின் கீழ் நிறுத்துகிறோம். அது தேவையால் வந்த அனுமதி, உரிமையால் வந்ததன்று. அங்ஙனமாயின் மூன்று கடமைகள் தாமே பின்தொடர்கின்றன.

முதலாவது, வேறு வழியால் அறியக்கூடியதை உயிரை வருத்தி அறியலாகாது. புரூஸ் ஏம்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் 1970களில் வகுத்த சோதனையில், ஒரு பொருள் மரபுப்பொருளைக் கெடுக்குமா என்பதைச் சில வகை பாக்டீரியாக்களைக் கொண்டு இரண்டொரு நாளில் காணலாம். அரிஸ்டோலோக்கிக் அமிலம் அச்சோதனையிலும் பிடிபட்டது. இன்று அதையொத்த புதிய பொருள் ஒன்று வருமாயின், எலிக்கூண்டைத் திறப்பதற்கு முன்பே அதனை வாயிலில் நிறுத்திவிட முடியும். 1959ஆம் ஆண்டில் ரஸ்ஸலும் பர்ச்சும் மாற்று காணுதல், எண்ணிக்கை குறைத்தல், துன்பம் தணித்தல் என்னும் மூன்று நெறிகளை விஞ்ஞானிகளுக்கு வகுத்தனர். நம் நாட்டில் 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடைச் சட்டமும், தவிர்க்கத்தக்க இடத்தில் இத்தகைய சோதனைகளைத் தவிர்க்க வேண்டும் என்றே நோக்குகிறது.

இரண்டாவது, அறிந்ததை மீண்டும் மீண்டும் அறிய முற்படலாகாது. 1983ஆம் ஆண்டில் சூடான் நாட்டு ஆய்வாளர்கள் நம் ஆடுதின்னாப்பாளையையே ஆடுகளுக்குப் புகட்டி, அது அவற்றுக்கு நஞ்சென்று எழுதிவைத்தனர். மேய்ச்சல் நாட்டில் அதனை எழுத்தில் பதிய வேண்டிய தேவை அவர்களுக்கு இருந்திருக்கலாம். எழுதியபின், அதே வினாவோடு இன்னொரு மந்தையை நாடுவோர்க்கு அந்தத் தேவை இல்லை. பட்டம் பெறுவதற்காகவும் ஏட்டில் பெயர் வருவதற்காகவும் செய்யப்படும் மறுசோதனை, உயிர் தங்க உண்பதன்று, விருந்தயர்தல்.

மூன்றாவது கடமையே நம் கருத்தில் யாவற்றினும் கனமானது. பலரும் நினையாததும் அதுவே. பெற்ற சாட்சியத்தை மறைக்கலாகாது. கேளாது விடவும் ஆகாது. மனிதன் மனிதனுக்காகச் சொல்ல வேண்டிய சாட்சியத்தை மறைப்பதைப் பாவம் என்று மார்க்கம் எச்சரிக்கிறது. வாயில்லா உயிர் தன் உடலையே எழுத்தாக்கிக் கொடுத்த சாட்சியத்தை மறைப்பது அதனினும் இலேசாகுமா? தனக்குப் பாதகமான முடிவைப் பெட்டியில் பூட்டும் உற்பத்தியாளர், வந்த பொடி எதுவென்று ஆராயாமல் விற்கும் வணிகர், எச்சரிக்கை வந்த பின்னும் இது முன்னோர் மருந்து என்று வாதிடும் வைத்தியர், முயல்களின் செய்தியை நாற்பது ஆண்டு புறந்தள்ளும் அறிவுலகம் ஆகிய எல்லாரும் இக்கணக்கில் வருவர். 2002ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, அரிஸ்டோலோக்கியா அடங்கிய மூலிகை மருந்துகளை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவை என்று வரிசைப்படுத்திற்று. அதன்பின் அறியாமையைக் காரணம் காட்ட எவருக்கும் இடமில்லை.

சோதனைக்கூடத்து விலங்கின் துன்பம் அந்த ஒரு நாளிலேயே நியாயமாகிவிடுவதும் இல்லை, அநியாயமாகிவிடுவதும் இல்லை. அது நம் கையில் ஒப்படைக்கப்பட்ட ஓர் அமானிதம். அதனால் விளைந்த அறிவு உரிய செவிகளில் சேர்ந்து, ஓர் உயிரேனும் காக்கப்படுமாயின், தேவை என்று நாம் சொன்ன சொல் மெய்யாகின்றது. ஏட்டில் உறங்குமாயின், அச்சொல் பொய்யாகி, தேவையாக நின்றது கொடுமையாக மாறுகின்றது. 1982ஆம் ஆண்டின் எலிகள் ஜெர்மானியருக்குச் செய்தது உதவி. பிரஸ்ஸல்சில் அதே எலிகள் வீணாக மாண்டவையாயின. எலிகள் ஒன்றே, அவற்றின் மரணத்துக்கு இருவேறு பொருள் தந்தவர்கள் மனிதர்களே.

ஆடு தின்னவில்லை என்று கண்ட அந்த மேய்ப்பர், விலங்கை வருத்தவில்லை, கண்டதை மறைக்கவுமில்லை. ஊர் மறவாதபடி பெயராகவே வைத்துவிட்டுப் போனார். அவர் அறியாததை நாம் இன்று அறிந்திருக்கிறோம். அதை அறிய நாம் கொடுத்த விலையும் பெரிது. கண்டதைச் சொல்வதில் அவருக்கிருந்த நேர்மையேனும் நமக்கு இருக்க வேண்டும்.